மலையேறப் பை வாங்கப் போகிறீர்களா? முதலில் முதுகை அளந்துவிடுங்கள்

பர்வதமலையில், பாறையில் இரும்புக் கம்பி அறைந்து வைத்திருக்கும் கடப்பாறைப் படி தொடங்கும் இடத்தில் நின்று இரண்டு கைகளையும் உதறிக்கொண்டிருந்தேன். விரல்கள் மரத்துப் போயிருந்தன. அடுத்து சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். எங்கே பிடிப்பது என்று அண்ணாந்து பார்த்தால் பையின் உச்சி பின்மண்டையில் இடித்து, தலையைத் தூக்கவே விடவில்லை. கூட வந்த தம்பி பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் என்னால் ஏற முடிந்தது. இறங்கி, தென்மாதிமங்கலம் வந்து, போளூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் தோள் வலி குறையவில்லை.

அது விலை கூடிய நல்ல பை. தையலும் துணியும் உறுதி. என் தோளில் வலுவில்லை என்றுதான் பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பை என் முதுகைவிட ஏழு சென்டிமீட்டர் நீளம். அந்த ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பை ஆனது. நீங்கள் முதல் பையிலேயே சரியாக வாங்கிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காலையில் ஏறி மாலையில் இறங்கும் ஒரு நாள் நடைக்கான பை பற்றி மட்டும் பேசுகிறேன். இரவு தங்கும் பயணத்துக்கான பெரிய பை வேறு கதை.

எத்தனை லிட்டர்

20 முதல் 25 லிட்டர் போதும். நம் வேலூர்ப் பக்கத்து மலைகளில் பையின் அளவைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். ஏலகிரி சுவாமிமலை போன்ற சிறு ஏற்றத்துக்கு இரண்டு லிட்டர் சரி. பர்வதமலைக்கோ ஜவ்வாது மலையில் ஒரு முழுநாள் நடைக்கோ ஒருவருக்கு மூன்று லிட்டராவது வேண்டும். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. அதோடு எலுமிச்சை சாதம், துண்டு, டார்ச், மழைக்கோட்டு, மருந்துப் பை, பையின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தால் ஐந்தரை கிலோவைத் தொடும். ஒரு நாள் பையின் சுமை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 55 கிலோ உடலுக்கு அது அப்படியே ஐந்தரை கிலோ.

40 லிட்டர் பை வாங்காதீர்கள். இடம் இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். நானும் நிரப்பினேன்.

முதுகை அளப்பது: இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்

கடைக்காரர் என் உயரத்தைப் பார்த்தார். ஐந்தடி ஏழு அங்குலம். பெரிய அளவுப் பையை எடுத்துக் கொடுத்தார். நானும் மறுபேச்சுப் பேசவில்லை. சட்டைக்கும் செருப்புக்கும் நம் அளவு நமக்குத் தெரியும், பைக்கு ஓர் அளவு இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. என் உயரம் முழுவதும் காலில்தான் இருக்கிறது, முதுகு குட்டை. என்னைவிட நான்கு அங்குலம் குள்ளமான என் தோழியின் முதுகு என் முதுகைவிட நீளம். ஆக, உயரத்தை வைத்துப் பை வாங்கக் கூடாது.

அளப்பதற்குத் தையல் டேப் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நூலும் ஸ்கேலும் போதும். அளக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும், தனியாகச் செய்தால் தப்பாகத்தான் வரும்.

தலையை முன்னால் குனியுங்கள். கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதுதான் மேல்புள்ளி. கீழ்ப்புள்ளி, இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு நேராக முதுகெலும்பில் இருக்கும் இடம். இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, கட்டைவிரல்கள் பின்னால் முதுகைத் தொடும்படி நில்லுங்கள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே கோடு இழுத்தால் அது முதுகெலும்பை எங்கே வெட்டுகிறதோ அதுவே அந்த இடம். இப்போது தலையை நிமிர்த்தி நேராக நிற்க வேண்டும். முதுகின் வளைவை ஒட்டியே டேப் இறங்க வேண்டும், காற்றில் தொங்கக் கூடாது.

கேட்க எளிதாக இருக்கிறது. நான் தடுக்கி விழுந்ததும் இங்கேதான். முதல் தடவை 46 சென்டிமீட்டர் வந்தது. ஜீன்ஸ் பெல்ட் நிற்கிற இடம்தான் இடுப்பு என்று நினைத்து அதுவரை அளந்துவிட்டேன். நாம் வயிற்றுக்குப் பக்கவாட்டில் ஒடுங்கும் இடத்தையும் இடுப்பு என்கிறோம், பெல்ட் நிற்கும் இடத்தையும் இடுப்பு என்கிறோம், எலும்பையும் இடுப்பு என்கிறோம். பை வாங்கும்போது இந்த மூன்றும் ஒன்றல்ல.

தீர்த்து வைத்தது அம்மா. வேலூர் வேலப்பாடியில் தெருக்குழாய்க்கு வரிசையில் நின்று குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த தலைமுறை அவர். நான் டேப்பை வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்துவிட்டு, "குடம் எங்கடி உட்காரும்? அங்கதானே சுமை நிக்கும்" என்று என் பக்கவாட்டில் விரலை அழுத்திக் காட்டினார். விரல் நேராக எலும்பின் மேல் விளிம்பில் போய் நின்றது. அங்கிருந்து அளந்தால் 41 சென்டிமீட்டர், டேப்பில் 16 அங்குலம்.

குடத்தை இடுப்பில் வைக்கும்போது அது சதையில் தொங்குவதில்லை, எலும்பின் விளிம்பில் உட்காருகிறது. குழந்தையை இடுப்பில் வைத்தாலும் அதே இடம்தான். அங்கே உட்கார்ந்த சுமை எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிடுகிறது. பையின் இடுப்பு வார் செய்ய வேண்டிய வேலையும் அதுதான். பை முதுகைவிட நீளமாக இருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இடுப்பு வாரைச் சரியான இடத்தில் கட்டினால் தோள் வார் தோளைத் தொடாமல் மேலே தூக்கி நிற்கும். தோள் வாரை இழுத்து இறுக்கினால் இடுப்பு வார் பிட்டத்துக்கு வழுகிவிடும். எனக்கு நடந்தது இரண்டாவது. சுமை மொத்தமும் தோளில் இறங்கி, வார் நரம்பை அழுத்தி, விரல் மரத்தது.

பெரியவர்களுக்கு இந்த அளவு பொதுவாக 38 முதல் 53 சென்டிமீட்டருக்குள் வரும். உங்கள் எண்ணைப் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

*சேர்த்தது:* இதைப் படித்த இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள். நம் கடைகளில் தொங்கும் பல பைகளில் முதுகு அளவே போட்டிருப்பதில்லை, என்ன செய்வது? பையை அளந்துவிடுங்கள். தோள் வார் பையோடு தைக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்து இடுப்பு வாரின் நடுப்பகுதிவரை டேப்பை வையுங்கள். உங்கள் எண்ணைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் பரவாயில்லை. கூடினால் அந்தப் பை வேண்டாம். சில பைகளில் தோள் வாரை மேலும் கீழும் நகர்த்த முடியும். வீட்டில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் போடுவதாக இருந்தால் அதை வாங்குங்கள்.

*இன்னொன்று:* வயிறு சற்றுப் பெரிதாக இருப்பவர்கள் வாரை வயிற்றின்மேல் கட்டிவிட்டு மூச்சு முட்டுகிறது என்கிறார்கள். பக்கவாட்டில் எலும்பின்மேலேயே வாரை வைத்து, முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே பக்கிளைப் பூட்டுங்கள். அதற்கு வார் நீளம் போதுமா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

கடையில்

வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்குவதில் பயனே இல்லை. வெறும் பை எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். நான் மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களை நிரப்பி, ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போவேன். "இதைப் போட்டுப் பார்த்துக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டால் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வாரையும் தளர்த்திவிட்டுப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்பு வார். அதன் நடுப்பகுதி குடம் உட்காரும் விளிம்பின்மேல், பாதி மேலே பாதி கீழே இருக்கும்படி வைத்துப் பூட்டி இறுக்குங்கள். அடுத்து தோள் வார், தோளை ஒட்டி நிற்கும் அளவுக்கு மட்டும். கடைசியில் நெஞ்சு வார். கழுத்தெலும்புக்கு இரண்டு மூன்று விரல் கீழே, ஆழமாக மூச்சு இழுக்க இடம் விட்டு. தோள் வாரை முதலில் இறுக்கிவிட்டால் பிறகு எதைச் செய்தாலும் சரியாக வராது.

இப்போது அண்ணாந்து மேலே சுற்றும் ஃபேனைப் பாருங்கள். மண்டையில் பை இடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோள் வாருக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் மாடிப்படி இருந்தால் நான்கு தடவை ஏறி இறங்குங்கள். கால் மணி நேரமாவது பை முதுகில் இருக்கட்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தோள் வார் நேராக இறங்கினால் மார்பை அழுத்தும் அல்லது அக்குளில் உரசும். பெண்களுக்கென்று தயாராகும் பைகளில் வார் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வளைந்து வரும், முதுகு அளவும் குட்டையாக இருக்கும். குட்டை முதுகுள்ள ஆண்களும் அதைத் தாராளமாக வாங்கலாம்.

20 லிட்டருக்குக் கீழே உள்ள பைகளில் பெரும்பாலும் இடுப்பு வார் வெறும் நாடாவாகத்தான் இருக்கும். அது பை ஆடாமல் பிடிக்கும், சுமை தாங்காது. மூன்று கிலோவுக்குள் சுமப்பவர்களுக்கு அது போதும். அதற்கு மேல் என்றால் பஞ்சு வைத்த அகல வார்தான் வேண்டும்.

முதுகுப் பக்கம், துணி

வேலூர் வெயிலில் இதைத் தள்ளிவைக்க முடியாது. இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றில் வலையை இழுத்துக் கட்டிப் பை முதுகைத் தொடாமல் விலகி நிற்கும். டியூட்டர், ஆஸ்ப்ரே பைகளில் இதைப் பார்க்கலாம். காற்று நன்றாக ஓடும். ஆனால் சுமை முதுகிலிருந்து விலகி நிற்பதால் செங்குத்தான இடத்தில் பின்னுக்கு இழுக்கும். இன்னொன்றில் பஞ்சு நேராக முதுகில் ஒட்டும், நடுவில் காற்றுக்கு ஓடை விட்டிருப்பார்கள். வியர்க்கும், ஆனால் பை உடம்போடு ஒட்டி நிற்கும். சங்கிலி பிடித்து ஏறும் மலைக்குப் போகிறவள் நான், அதனால் ஓடை விட்ட பஞ்சு முதுகைத்தான் எடுப்பேன். ஏலகிரி, ஜவ்வாது மலைப் பாதைகளில் நடப்பது மட்டும்தான் என்றால் வலை முதுகு வாங்குங்கள்.

துணியில் 210, 420 என்று டெனியர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண். எண் கூடினால் நூல் தடிமன், எடையும் கூடும். பையின் உடம்பு 210, அடிப்பகுதி 420 என்று இருந்தால் நம் முள்ளுக்கும் பாறைக்கும் தாங்கும்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல் பை மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் நம் ஊர்த் தோல் வேலையின்மேல் பெருமைதான், ஆபீஸுக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன். மலைக்கு வேண்டாம். கனம், வியர்வையைக் குடிக்கும், நனைந்தால் காய நாளாகும்.

முதல் பை என்றால் டெக்காத்லான் கடையின் க்வெச்சுவா பிராண்டில் 20 லிட்டர் பையைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். விலை கையைக் கடிக்காது. நடப்பது பழக்கமான பிறகு விலை கூடிய பைக்குப் போகலாம்.

குழாய் வைத்த தண்ணீர்ப் பை எனக்குப் பிடிக்கவில்லை. எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியாது. நம் வெயிலில் அது கவலைப்பட வேண்டிய விஷயம். உள்ளே கழுவுவதும் பாடு. பாட்டில் போதும்.

அடுக்குவது

கனமானது முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வர வேண்டும். அதாவது தண்ணீர் பாட்டில்கள் முதுகுப் பக்கம், அவற்றுக்கு வெளியே சாப்பாடு, அடியில் துண்டும் மாற்றுத் துணியும், மேலே மழைக்கோட்டு. வெளியே இரண்டு பக்க வலைப் பையிலும் பாட்டில் வைப்பதானால், பக்கத்துக்கொன்றாக வைத்தால் எடை சமமாக இருக்கும்.

*சேர்த்தது:* சோளிங்கரில் ஒரு வாசகிக்கு இந்த யோசனை காலை வாரிவிட்டது. வலைப் பையில் இருந்த பாட்டிலைக் குரங்கு உருவிக்கொண்டு போய்விட்டது. குரங்கு நடமாடும் இடத்தில் எல்லாவற்றையும் உள்ளே வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். ஜிப்பின் இரண்டு இழுப்பான்களையும் ஒரு சின்ன கொக்கியில் சேர்த்து மாட்டினால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கவே வேண்டாம்.

மழை உறையைவிட எனக்கு நம்பிக்கை, பைக்கு உள்ளே விரிக்கும் கெட்டியான பெரிய பாலிதீன் பை. உறை வெளிப்பக்கத்தைத்தான் மூடும். ஆவணி, புரட்டாசி மாலைகளில் நம் பக்கம் கொட்டுகிற இடிமழை முதுகு வழியாக இறங்கிப் பைக்குள் போய்விடும்.

மலைக்கு முன் ஒரு ஒத்திகை

புதுப் பையோடு நேராகப் பெரிய மலைக்குப் போகாதீர்கள். பில்லையும் விலை அட்டையையும் பத்திரமாக வைத்து, மலையில் எடுத்துப் போகும் அதே எடையோடு வீட்டில் ஒரு மணி நேரம் வேலை செய்யுங்கள். பிறகு சோளிங்கர் நரசிம்மர் கோயில் மலை. ரோப் கார் வந்துவிட்டது, ஆனால் பைக்குச் சோதனை வைக்க அந்த 1,305 படிகள்தான் சரி. ஏறும்போது தோள் வாரைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். பை வழுகாமல் நின்றால் சுமை இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம். வழுகினால் வாரைக் கழற்றி, குடம் வைக்கும் இடத்தைத் தேடி மறுபடி கட்டுங்கள்.

காட்டுப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2024-ல் வனத்துறை தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு என்ற மலையேற்றத் திட்டப் பாதைகளில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

*கடைசியாகச் சேர்த்தது:* வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்த பையை எப்படித் துவைப்பது என்று கேட்டிருந்தார்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பஞ்சு உருண்டுவிடும். வாளித் தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வாரையும் முதுகுப் பக்கத்தையும் தேய்த்து, நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். மொட்டை மாடி வெயிலில் நாள் முழுக்கக் கிடந்தால் நைலான் இற்றுப்போகும். அந்தப் பழைய நீளப் பை இப்போது தம்பியிடம் இருக்கிறது. அவன் முதுகு 49 சென்டிமீட்டர். போன பௌர்ணமிக்கு அதைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிப் போனான்.