லைசென்ஸின் பின்பக்கம்

என் பையனுக்கு 19 வயது. அவன் காரில் ஒரு பால் வண்டி மோதி முன் பம்பரும் இடது ஹெட்லைட்டும் போயின. இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டோம், சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் வந்து பார்த்தார். அப்புறம் ஒன்பது நாள் அசைவே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஆப்பில் 'ஓட்டுநர் உரிமம் சரிபார்ப்பில்' என்றே நின்றது.

ஸ்கேன் மங்கலோ என்று மறுபடி அனுப்பினேன். பலனில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் அரை நாள் போனது. உரிமம் செல்லும் என்று மட்டும் சொன்னார்கள். கஸ்டமர் கேர் கதையை விடுங்கள்.

பத்தாம் நாள் கார்டைத் திருப்பியபோதுதான் உறைத்தது. 16 வயதில் கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு எடுத்த உரிமம் அது. 18 முடிந்ததும் அதிலேயே காரைச் சேர்த்திருந்தான். முன்பக்கத்தில் இருப்பது முதன்முதலில் வழங்கிய தேதி. எந்த வகை வண்டிக்கு எப்போது கிடைத்தது என்ற பட்டியல் பின்பக்கத்தில். நான் இரண்டு தடவையும் அனுப்பியது முன்பக்கம் மட்டுமே! இன்சூரன்ஸ்காரர்கள் கண்ணுக்கு அது ஸ்கூட்டர் உரிமம்.

பின்பக்கத்தையும், அரசின் ஓட்டுநர் உரிம இணையதளமான சாரதியில் எடுத்த உரிம விவரத்தையும், எல்எம்வி (காரைக் குறிக்கும் இலகுரக வாகனம்) வரியை வட்டமிட்டு மெயில் செய்தேன். மறுநாளே ஒப்புதல் வந்தது, அப்பாடா. 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1000 ரூபாய் கைக்காசு. கிளெய்ம் போடாமல் இருந்தால் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் போச்சு.