லோயர் ஸ்லாட்டரிலிருந்து அப்பர் ஸ்லாட்டருக்கு வயல்வழி நடை

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் இருக்கும் இந்த இரண்டு கிராமங்களுக்கும் இடையே சுமார் 1.6 கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தால் அரை மணி நேரம். ஆங்கிலத்தில் 'ஸ்லாட்டர்' என்றால் வெட்டிக் கொல்வது, ஆனால் ஊர்ப்பெயருக்கும் வெட்டுக்குத்துக்கும் சம்பந்தமில்லை. சேற்று நிலம் என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. மழைக்குப் பிறகு போனால் காரணம் காலிலேயே ஒட்டிக்கொள்ளும்.

லோயர் ஸ்லாட்டரில் 'ஐ' (Eye) என்ற ஆற்றின் ஓரமாக நீரோட்டத்துக்கு எதிராக நடங்கள். ஆறு என்று பேர், நம் வாய்க்கால் அளவுதான். செங்கல் புகைபோக்கி தெரிகிற பழைய மாவு மில்லை ஒட்டிப் பாதை வயலுக்குள் திரும்பும். கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடைபாதை. நீல அம்பு என்றால் குதிரை, சைக்கிளும் வரும்.

வழியில் 'கிஸ்ஸிங் கேட்' வரும். வளைந்த வேலிக்குள் ஆடும் கதவு இது. தள்ளி உள்ளே நுழைந்து, மூலையில் ஒதுங்கி, கதவை எதிர்ப்பக்கம் ஆட்டிவிட்டு வெளியேற வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். முதுகில் பெரிய பை இருந்தால் மாட்டிக்கொள்ளும், கழற்றிக் கையில் பிடியுங்கள்.

எல்லோரும் ஒரே இடத்தில் மிதிப்பதால் கதவடியில்தான் சேறு அதிகம். அடி வழவழப்பான ஷூ வழுக்கும். கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் நல்லது. சேற்றுக்குப் பயந்து புல்லில் சுற்றிப் போகாதீர்கள், பாதை அகன்று மேய்ச்சல் கெடும்.

கன்றோடு பசு நின்றால் நடுவில் புகாமல் விலகிச் செல்லுங்கள். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடியுங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு குறிவைப்பது நாயைத்தான்.