துவாந்தே கால்வாயில் படகேறும் முன்: ரங்கூனுக்கு வரும் நம்மவர்க்கு

ரங்கூனை விட்டுப் போனவர்கள் ஊர் பார்க்க வருவது பெரும்பாலும் அக்டோபர் வாக்கில் வரும் பர்மிய விளக்குத் திருவிழாவான தாடின்ஜுட் பௌர்ணமிக்குத்தான். மழை ஓயத் தொடங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, பதினைந்து நாளில் தீபாவளி. சுற்றுலா விசாவின் 28 நாளுக்குள் இரண்டும் அடங்கும். ஆனால் அதே பௌர்ணமி ஆற்றையும் கிளப்பிவிடும் என்பது படகேறுகிறவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

ரங்கூன் ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 5 மீட்டர்வரை வித்தியாசம் வரும். காலையில் துறைப்படியோடு ஒட்டி நின்ற படகு, மாலையில் சேற்றுச் சரிவின் அடியில் கிடக்கும். நடுவே ஒற்றைப் பலகை. படகுக்காரர் இருவர் ஒரு மூங்கிலை ஆளுக்கொரு முனையாகத் தோளில் தாங்கி நிற்பார்கள், அதுதான் கைப்பிடி. மூங்கிலைப் பிடியுங்கள், ஆளைப் பிடிக்காதீர்கள். அவர் கால் ஏற்கெனவே வழுக்கலில்தான் நிற்கிறது.

ஏற்றம் தொடங்கியதும் கிளம்பினால் தண்ணீரே ஆற்றிலிருந்து துவாந்தே கால்வாய்க்குள் தள்ளிவிடும். கால்வாய்க் கரையில் உள்ள துவாந்தே ஊருக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். திரும்புவதற்கு வற்றம் வேண்டும். ஏற்றம் 6 மணி, வற்றம் 6 மணி என்ற பள்ளிக்கூடக் கணக்கு இங்கே செல்லாது. மழைவெள்ளம் வடியும் மாதங்களில் வற்றம் நீளும், ஏற்றம் குறுகும். நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளியும் போகும். ஆகவே முதல் நாள் விசாரித்த நேரத்தை மறுநாள் நம்பாதீர்கள். வடியும் நீரோடு ஆகாயத்தாமரை திட்டுத்திட்டாக வந்து படகைத் தள்ளும் விசிறியில் சுற்றும். என்ஜினை நிறுத்தி அறுத்தெடுக்க வேண்டும், அதற்கும் அரைமணி ஒதுக்குங்கள்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியது. சமாளிக்க முடியாதது மதியச் சாப்பாடு. துவாந்தேயில் சித்தியோ மாமாவோ இருந்தால் இலையை விட்டு எழ விடமாட்டார்கள். வற்றம் பாதி போய்விடும். இருட்டினால் சின்னப் படகு கிளம்பாது. சாலை வழியாக ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள டலா போய், பெர்ரியில் ரங்கூனின் பான்சொடான் துறைக்குக் கடக்கலாம். அதற்கும் விடமாட்டார்கள். "நம்ம வீடு இருக்கும்போது ராத்திரியில எங்க போற?"

இங்கேதான் நில்லுங்கள். வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியை வார்டு ஆபீசில் பதிய வேண்டும். 2016இல் எடுத்துவிட்ட விதி, 2021 பிப்ரவரியில் திரும்ப வந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டிப் பட்டியலைச் சரிபார்ப்பார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் கேள்வி இன்னும் நீளும்: யார், என்ன உறவு, ஏன் ஓட்டலில் தங்கவில்லை? உறவைக் காட்ட உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. தாத்தா பெயரை நீங்கள் ஒரு மாதிரி எழுதுவீர்கள், அவர்கள் வீட்டுப் பட்டியலில் (வீட்டில் உள்ளவர்கள் பெயர் பதிந்த அரசுத் தாள்) வேறு மாதிரி இருக்கும். அந்த மேஜைக்கு முன்னால் உங்கள் தமிழும் பயன்படாது, பாதி மறந்த பர்மியமும் பயன்படாது. கைகட்டி நின்று பதில் சொல்வது சித்திதான். நீங்கள் விமானம் ஏறிய பிறகு, பிள்ளைகளின் அடையாள அட்டைக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்டு அதே ஆபீசுக்கு அவர் போக வேண்டியிருக்கும். இருபது வருஷம் எட்டிப் பார்க்காதவருக்காக அவர் அங்கே கெட்ட பெயர் வாங்க வேண்டுமா? கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சாப்பிட்ட கையோடு கிளம்புங்கள். வெளிநாட்டவரை ஏற்கும் ஓட்டலில் ரங்கூன் அறையைக் காலி செய்யாமல் வைத்திருங்கள்.

தங்கியே தீர வேண்டும் என்றால் பொழுது சாயுமுன் வீட்டுக்காரரோடு போய், வெளிநாட்டவர் தங்கலாமா என்று முதலில் கேளுங்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கம், விசா, வந்திறங்கிய முத்திரை, மூன்றும் படியெடுத்துக் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரரின் அடையாள அட்டையும் வீட்டுப் பட்டியலும் வேண்டும். துவாந்தே போய் ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், மின்சாரம் எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ரங்கூனிலேயே நான்கு செட் எடுத்துவிடுங்கள். ஒன்று போதும் என்று சொல்கிற சொந்தக்காரர் அந்த ஆபீசுக்குப் போனதே இல்லை.