அம்மாவின் கணினியில் மறைந்துபோன முகவரிப் பட்டை

அம்மாவின் மடிக்கணினியில் குரோம் உலாவியின் முகவரிப் பட்டையும் தாவல்களும் (டேப்) திடீரென மறைந்து, செய்தித்தளம் மட்டுமே திரை முழுவதையும் அடைத்து நின்றது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று அவர் அஞ்சினார். எஃப்11 விசை அழுந்தி உலாவி முழுத்திரைக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். அதே விசையை மறுபடி அழுத்தியதும் எல்லாம் திரும்பின. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.

அத்தளத்தின் எழுத்துகள் மிகச் சிறுத்திருந்தது அடுத்த சிக்கல். கண்ட்ரோல் விசையைப் பிடித்தபடி மவுஸின் சக்கரத்தை உருட்டினால் பக்கத்தின் அளவு மாறும். அந்த அளவைக் குரோம் தளவாரியாக நினைவில் வைத்துக்கொள்வதால், கணினியை அணைத்துத் திறந்தாலும் அந்தத் தளம் மட்டும் சிறிதாகவே தோன்றும். கண்ட்ரோலுடன் பூஜ்யத்தை அழுத்த, அது 100 சதவீதத்துக்கு வந்தது. அம்மாவின் கண்ணுக்கு அதுவும் போதாமையால், கண்ட்ரோலுடன் கூட்டல் குறியை அழுத்தி 125 வரை உயர்த்தக் கற்றுக்கொடுத்தேன்.

புதிதாகக் கற்பவருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது, கண்ட்ரோல், ஷிஃப்ட், டி (T) ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி, மூடிய தாவலை மீட்கும் முறையே என்பது என் உறுதியான கருத்து. பார்த்த பக்கங்களின் வரலாற்றைச் சேமிக்காத மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) மூடிய தாவல் மட்டும் இப்படி மீளாது.