உத்திரமேரூரில் ஒன்பது பெருமாள்: ஒருவரையும் விடாமல் சேவிக்க

போன தடவை உத்திரமேரூர் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆறுதானேடா வருது? ஒம்போதுன்னு சொன்னே?" மறுபடி எண்ணினோம். ஆறுதான். மூன்று பெருமாளைச் சேவிக்காமலே ஊர் திரும்பியிருந்தோம். வீடு வந்து சேரும்வரை அம்மா பேசவே இல்லை. போன மாதம் திரும்ப அழைத்துப் போய் ஒன்பது பேரையும் சேவித்தாயிற்று. முதல் தடவை போகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு பக்கமிருந்தும் பஸ் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

1. கிளம்புவதற்கு முன்பே கணக்கை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்

பல்லவர் காலத்துக் கோயில் இது. விமானம் மூன்று தளம். வைகானச ஆகமம் (பெருமாள் கோயில் அமைப்பையும் பூஜையையும் சொல்லும் நூல்) சொல்லும் நவமூர்த்தி, அதாவது ஒன்பது மூர்த்தி, அமைப்பு: கீழே நான்கு, நடுவில் நான்கு, உச்சியில் ஒன்று. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த (அமர்ந்த) கோலம், மேலே கிடந்த (பள்ளிகொண்ட) கோலம் என்று மூலவர் அமைகிறார். பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் இந்த விமானத்தைப் பார்த்துக் கட்டியதுதான். 1976-ல் கும்பாபிஷேகம் ஆனது. அங்கே மாடி மாடியாக ஏறிச் சேவித்திருந்தால் இது சட்டென்று பிடிபடும்.

2. கீழ்த்தளம் (நாங்கள் கோட்டை விட்ட இடம்)

கிழக்கு நோக்கி நிற்பவர் சுந்தரவரதர். ஆரத்தி, தீர்த்தம், துளசி, சடாரி எல்லாம் ஆனதும், முன்னால் போனவர்கள் பின்னாலேயே நாங்களும் மாடிக்கு ஏறிவிட்டோம். தப்பு அங்கேதான் நடந்தது. மற்ற மூவரும் விமானத்தின் மற்ற மூன்று பக்கங்களில், வெளியே பார்த்தபடி இருக்கிறார்கள். மூலவர் முன்னால் நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியமாட்டார்கள். வலம் வரவேண்டும்.

வலம் வரும் வரிசையே பெயர் வரிசை: தெற்கே அச்சுதவரதர், மேற்கே அநிருத்தவரதர், வடக்கே கல்யாணவரதர். வடக்கு முடிந்ததும் "நாலு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தத் தடவை அம்மா சொன்னார். அப்புறம்தான் மாடி.

3. படி ஏறுவது

படிக்கட்டு குறுகல், வெளிச்சமும் குறைவு. செல்போன் டார்ச் வேண்டாம். ஒரு கை போனுக்குப் போய்விட்டால் சுவரைப் பிடிக்க ஒரே கைதான் மிஞ்சும். புடவைக் கொசுவத்தைப் பிடிக்கக் கை இருக்காது. தலையில் மாட்டும் சின்ன டார்ச்தான் என் கட்சி. சந்நிதிக்கு முன்னால் மறக்காமல் அணைத்துவிடுங்கள். முதுகுப்பையும் வேண்டாம், பழைய சுவரில் உரசும். துணிப்பை போதும். மேலே இருப்பவர்கள் இறங்கட்டும், பிறகு ஏறுங்கள்.

4. நடுத்தளம்

இங்கும் அதே திசைக் கணக்கு. கிழக்கே அமர்ந்த கோலத்தில் வைகுண்டவரதர். தெற்கே கண்ணனும் அர்ஜுனனும், மேற்கே யோக நரசிம்மர், வடக்கே பூவராகர். கண்ணனும் அர்ஜுனனும் ஒரே சந்நிதி என்பதால் ஒன்றாகவே எண்ணவேண்டும். அம்மா முதலில் இரண்டாக எண்ணிப் பத்து ஆக்கிவிட்டார்!

5. உச்சி

அனந்தபத்மநாபர், பள்ளிகொண்ட கோலம். இங்கே அவசரப்படாதீர்கள். பட்டாச்சாரியார் ஆரத்தித் தட்டைத் திருமுகத்தருகே காட்டி, அங்கிருந்து மெல்லத் திருவடிவரை கொண்டுபோனார். வெளிச்சம் போன இடம் மட்டும் தெரிந்தது: முதலில் முகம், பிறகு மார்பு, கடைசியில் திருவடி. அம்மா கைகூப்பியபடி "ஒம்போது" என்றார், குரல் தழுதழுத்தது.

இறங்கி வந்து ஆனந்தவல்லித் தாயாரைச் சேவிக்காமல் கிளம்பக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: இந்த ஊர்க் கணக்கை வேறு ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். மதுரை கூடலழகர் கோயிலில் கீழே வீற்றிருந்த கோலம், அதற்கு மேல் நின்ற கோலம், உச்சியில் சயனம். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலில் கீழே இருந்தும், நடுவில் கிடந்தும், மேலே நின்றும் சேவை. மூன்று நிலையும் மூன்று கோயிலிலும் உண்டு, அடுக்குதான் மாறுகிறது.

உத்திரமேரூரிலேயே உள்ள வைகுண்டப்பெருமாள் கோயிலுக்கும் ஒரு அரைமணி ஒதுக்குங்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) அங்கேதான். ஊரை 30 குடும்பாக (வார்டு மாதிரி) பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு வாரியத்துக்கு (ஊர் நிர்வாகக் குழுவுக்கு) ஆள் எடுத்த விதம் சுவரிலேயே இருக்கிறது. படித்துக் காட்ட யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு மேல் சந்நிதி சாத்தியிருந்ததாம். ஏறுவதற்கு முன் கீழேயே "மாடிச் சந்நிதி திறந்திருக்கா சாமி?" என்று கேட்டுவிடுங்கள். இன்னொருவர், முட்டிவலி உள்ள மாமியாரை அழைத்துப் போகலாமா என்று கேட்டார். தாராளமாகப் போங்கள். கீழ்த்தளத்து நால்வரையும் தாயாரையும் அவர் நிதானமாகச் சேவிக்கட்டும். நீங்கள் ஏறிவிட்டு வரும்வரை பக்கத்தில் துணைக்கு யாராவது இருக்கட்டும்.