பிஎஸ்பியில் சீட் கோட் பட்டியல் வெறுமையா?

லண்டன் மாமா கொண்டுவந்த பழைய பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் கருவி) கொக்குவிலில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. கஸ்டம் ஃபேர்ம்வேர் (மாற்றியமைத்த இயக்க மென்பொருள்) ஏற்கெனவே இருந்ததால், விளையாட்டில் ஏமாற்று வேலை செய்யும் சீட் கோட்களை இயக்கும் சிடபிள்யூசீட் என்ற பிளகினை (துணை மென்பொருளை) மெமரி ஸ்டிக்கில் போட்டு, பிளகின் பட்டியலில் அதன் பாதையை எழுதி, அது இயங்க வரி முடிவில் 1 போட்டேன். செலக்ட் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க மெனு வந்தது. கோட் ஒன்றுமில்லை.

காரணம் விளையாட்டின் அடையாள எண். நான் எடுத்த கோட்கள் அமெரிக்கப் பதிப்புக்கு, யூஎல்யூஎஸ் என்று தொடங்குபவை. மாமாவின் டிஸ்க் ஐரோப்பியப் பதிப்பு, யூஎல்இஎஸ். எண்ணை மட்டும் மாற்றினால் பட்டியலில் பெயர் வரும், பலன் பெரும்பாலும் வராது. பதிப்புக்குப் பதிப்பு நினைவக முகவரி வேறுபடும். சரி என்று ஐரோப்பியக் கோட்களையே தேடிச் சேர்த்தேன். விளையாட்டில் பணம் குறையவே இல்லை! ஆட்டத்தின் சுவை பாதி போனது வேறு கதை. சேவ் கோப்பை மட்டும் முதலிலேயே கணினியில் பிரதி எடுத்து வையுங்கள்.