எல்லா விடுமுறைகளையும் ஒரே நாட்காட்டியில் அடைக்காதீர்கள்

குன்னூர்ப் பகுதியில் பசுந்தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்கு மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அன்றாட இலை எடைக் கணக்கு, மாதப் பட்டுவாடாக் கோப்பு, தரவுகளின் காப்புநகல் எனப் பல பணிகள் அதில் தாமாகவே ஓடுகின்றன. ஒவ்வொரு பணியிலும் விடுமுறைத் தேதிகளைத் திரும்பத் திரும்ப எழுதாமல், ஒருமுறை தொகுத்த நாட்காட்டியையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது யாருடைய விடுமுறையைச் சொல்கிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

ஹெத்தையம்மன் திருவிழாவுக்காக நீலகிரிக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்பட்டபோது, "விடுமுறை" என்ற பெயரில் எங்களிடம் இருந்த ஒரே நாட்காட்டியில் அத்தேதியைச் சேர்த்தேன். அன்று வங்கிக்குப் போக வேண்டிய பட்டுவாடாக் கோப்பு உருவாகவே இல்லை. ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதில்லை என்பதால் வங்கிகள் வழக்கம்போல் இயங்கின. பண்டிகைச் செலவுக்கு அந்தப் பணத்தையே நம்பியிருந்த சிறு விவசாயிகள்தான் காத்திருந்தார்கள். இப்போது வங்கி, மாவட்டம், தொழிற்சாலை என மூன்று நாட்காட்டிகள் தனித்தனியே உள்ளன. உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக அறிவிக்கப்படும் வேலை நாளான சனிக்கிழமை மாவட்ட நாட்காட்டியில் மட்டும் ஏறும். அது இரண்டாம் அல்லது நான்காம் சனிக்கிழமையானால் வங்கி மூடியே இருக்கும்.

விடுமுறையில் விழும் பணியை விட்டுவிடுவதா, முந்தைய வேலை நாளுக்கு நகர்த்துவதா, அடுத்த நாளுக்குத் தள்ளுவதா என்ற முடிவை நாட்காட்டியில் எழுதக்கூடாது. அது அந்தந்தப் பணிக்குரியது. காப்புநகலுக்கு விடுமுறையே கிடையாது.

இரண்டாம் சனிக்கிழமை 8 முதல் 14 வரையிலான தேதிகளில்தான் வரும் என்பதால் குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக ஓட்டும் கிரான் என்ற கருவியில், காலை 6 மணி, 8-14 தேதிகள், சனிக்கிழமை என்ற பொருளில் "0 6 8-14 * 6" என எழுதுவோர் உண்டு. தேதி, கிழமை இரண்டையும் குறிப்பிட்டால், இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் பணியை ஓட்டிவிடும். ஆகவே அந்த ஏழு நாட்களும், போதாததற்கு எல்லாச் சனிக்கிழமைகளிலும் அது ஓடும். தேதியை மட்டும் அங்கே வைத்து, கிழமையை நிரலின் முதல் வரியில் சோதிப்பதே சரி. சர்வரின் கடிகாரம் யூ.டி.சி. எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருந்தால், நமது அதிகாலை 2 மணி அங்கே முந்தைய நாள் இரவு 8.30 என்பதையும் கவனியுங்கள்.

பலரும் மறப்பது ஆண்டு முடிவை. விடுமுறைகளைப் பட்டியலிடும் நாட்காட்டி டிசம்பர் 31 உடன் தீர்ந்துபோனால், பொங்கலன்றும் பணிகள் ஓடும்; வேலை நாட்களைப் பட்டியலிடும் நாட்காட்டியானால் ஜனவரியில் ஒன்றுகூட ஓடாது. பிறை பார்த்து அறிவிக்கப்படும் ரமலான் போன்ற தேதிகள் கடைசி நேரத்தில் மாறும் என்பதால், திருத்தும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் ஒரு தேதியைத் தொடுமுன், அந்த நாட்காட்டியை எந்தெந்தப் பணிகள் பயன்படுத்துகின்றன என்று பார்த்து, அவற்றின் அடுத்த 60 நாள் ஓட்டத் தேதிகளை அச்சிட்டுக் கணக்காளரிடம் காட்டட்டும்.